முதன்முறை தோள்மூட்டு விலகல்: தூக்குப் பட்டை எதைச் செய்யும், எதைச் செய்யாது

விலகிய தோள்மூட்டு மீண்டும் தன் இடத்தில் பொருத்தப்பட்டதும் வலி பெருமளவு தணிந்துவிடுகிறது. எக்ஸ்ரே எடுத்து, மூட்டு சரியாக அமர்ந்திருப்பதை மருத்துவர் உறுதி செய்கிறார். கையைத் தூக்குப் பட்டையில் இட்டு, மாத்திரைகளை எழுதிக் கொடுத்து, குறிப்பிட்ட நாளில் மறுபடியும் வருமாறு கூறி அனுப்புகிறார். வீடு சென்ற பின்னரே கேள்விகள் எழுகின்றன. இந்தப் பட்டையை எத்தனை நாள் அணிவது? இரவிலும் அணிய வேண்டுமா? குளிக்கும்போது கழற்றலாமா? அதிக நாள் அணிந்தால் மூட்டு அதிக உறுதி பெறுமா? தோள் மீண்டும் விலகுமா?

இவற்றுள் நான்காவது கேள்வியே மிக முக்கியமானது. அதற்குரிய விடை பலருக்கும் வியப்பளிக்கக்கூடும்: பட்டையை அதிக நாள் அணிவதால் மூட்டு அதிக உறுதி பெறுவதில்லை. பட்டைக்கு ஒரு பணி உண்டு. அந்தப் பணிக்கு ஓர் எல்லையும் உண்டு. அவ்வெல்லையை அறிந்துகொண்டால் தேவையான நாள்களில் பட்டையை முறையாக அணியவும், உரிய நாளில் அச்சமின்றிக் கழற்றவும் முடியும்.

இக்கட்டுரை, எலும்பு முறிவின்றித் தோள்மூட்டு முன்புறமாக முதன்முறை விலகியவர்களுக்காக எழுதப்பட்டது. எலும்பு முறிவு உள்ளவர்களுக்கும், மூட்டு பின்புறமாக விலகியவர்களுக்கும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் கால அளவும் கையை வைக்கும் நிலையும் வேறுபடும். அவர்கள் தத்தம் மருத்துவர் கூறியதையே பின்பற்ற வேண்டும்.

மூட்டில் நிகழ்ந்தது என்ன?

தோள்மூட்டு பந்துக் கிண்ண மூட்டு வகையைச் சேர்ந்தது. மேற்கை எலும்பின் உருண்டையான தலைப்பகுதி பந்தாகவும், தோள்பட்டை எலும்பின் வெளியோரத்தில் உள்ள ஆழமற்ற குழி கிண்ணமாகவும் அமைந்துள்ளன. பந்து பெரியது, கிண்ணமோ சிறியது. பள்ளி விளையாட்டு விழாக்களில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடும் போட்டியை நினைத்துப் பார்த்தால் இவ்வமைப்பு எளிதில் விளங்கும். இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்தினுள் பொதிந்திருக்கிறது. ஆகவே அது எளிதில் விலகாது. ஆனால் காலைக் கையைப்போல் எல்லாத் திசைகளிலும் சுழற்றவும் இயலாது. தோளுக்கு அந்தச் சுழற்சி வாய்த்திருக்கிறது. அதற்கு விலையாக, உடலின் பெரிய மூட்டுகளுள் மிக அதிகமாக விலகுவதும் அதுவே.

கரண்டியிலிருந்து பழம் உருண்டு விழாமல் காப்பவை மூன்று. முதலாவது, குழியின் ஓரத்தைச் சுற்றியுள்ள லேப்ரம் என்னும் வளையம். அது குழியைச் சற்று ஆழமாக்குகிறது. இரண்டாவது, மூட்டைச் சூழ்ந்த உறையும் அதனை வலுவூட்டும் தசைநார்களும். மூன்றாவது, பந்தை எந்நேரமும் குழியை நோக்கி அழுத்திப் பிடிக்கும் நான்கு தசைகளின் தொகுதி. இதனை ரொட்டேட்டர் கஃப் என்பர்.

தோள் விலகல்களுள் 100இல் 95க்கும் மேற்பட்டவை முன்புறமாகவே நிகழ்கின்றன. கை பக்கவாட்டில் உயர்ந்து பின்னோக்கித் திரும்பிய நிலையில் இருக்கும்போது அதன்மேல் விசை விழுந்தால், பந்து முன்பக்கமாக வெளியேறிவிடுகிறது. கையை ஊன்றி விழுதல், இருசக்கர வாகன விபத்து, கபடியில் பிடிபட்ட கை பின்னால் இழுக்கப்படுதல் ஆகியவை இவ்வாறு நேரும் சூழல்கள். வலிப்பு நோயினாலும் மின்அதிர்ச்சியினாலும் பின்புறமாக விலகுவது உண்டு. ஆனால் அது அரிது.

பந்து வெளியேறும்போது லேப்ரம் வளையத்தின் முன்கீழ்ப் பகுதி பெரும்பாலும் எலும்பிலிருந்து பெயர்ந்துவிடுகிறது. ஆங்கில அறுவை மருத்துவர் பாங்கார்ட் 1923ஆம் ஆண்டு இதனை விளக்கியதால், இது பாங்கார்ட் சிதைவு எனப்படுகிறது. அதே வேளையில் பந்தின் பின்பகுதி குழியின் ஓரத்தில் மோதிச் சிறு பள்ளம் விழுவதும் உண்டு. 1940ஆம் ஆண்டு இதனை விவரித்த இரு கதிரியல் மருத்துவர்களின் பெயரால் இது ஹில்-சாக்ஸ் பள்ளம் எனப்படுகிறது. உங்கள் எம்ஆர்ஐ ஸ்கேன் அறிக்கையில் இச்சொற்கள் இருந்தால் திடுக்கிட வேண்டாம். தோள் விலகியவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் மாற்றங்களே இவை. எனினும் அவற்றின் அளவு, பின்னர் எடுக்கவேண்டிய முடிவுகளுக்குப் பயன்படும். அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பட்டையின் பணி

மூட்டு இடத்தில் பொருந்திய பின்னரும் கிழிந்த உறையும் இழுபட்ட தசைகளும் புண்பட்டே இருக்கின்றன. கையின் எடை கீழ்நோக்கி இழுக்க இழுக்க வலி மிகும். தூக்குப் பட்டை அந்த எடையைத் தாங்கிக்கொள்கிறது, தசைகள் இளைப்பாறுகின்றன, வீக்கமும் வலியும் குறைகின்றன. தூக்கத்திலோ கூட்ட நெரிசலிலோ கை அறியாமல் உயர்ந்துவிடாதபடியும் பட்டை காக்கிறது. உங்களுக்கு அடிபட்டிருப்பதைப் பிறருக்கு உணர்த்துவதும் அதன் பயன்களுள் ஒன்றே.

பெயர்ந்த லேப்ரம் வளையத்தைப் பழைய இடத்தில் துல்லியமாக ஒட்ட வைப்பது பட்டையால் ஆகக்கூடிய செயல் அன்று. சிலருக்கு அது உரிய இடத்தில் ஆறுகிறது. சிலருக்குச் சற்று விலகிய நிலையிலேயே ஆறிவிடுகிறது. பட்டையைக் கட்டிய நாள்களின் எண்ணிக்கை இதனைத் தீர்மானிப்பதாகத் தெரியவில்லை.

எத்தனை நாள்? ஆய்வுகள் கூறுவது

சுவீடன் நாட்டில் 1978, 1979ஆம் ஆண்டுகளில் தோள்மூட்டு முதன்முறை விலகிய, 12 முதல் 40 வயது வரையிலான நோயாளிகளைப் பல மருத்துவமனைகள் ஒன்றிணைந்து ஆய்வுக்கு உட்படுத்தின. ஒரு பிரிவினருக்கு 3 முதல் 4 வாரங்கள் கை கட்டி வைக்கப்பட்டது. மற்றொரு பிரிவினர் வலி பொறுக்கக்கூடிய அளவில் கையை விரைவிலேயே பயன்படுத்த அனுமதிக்கப்பட்டனர். இவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை 2008ஆம் ஆண்டு வெளியிட்டனர். மூட்டு மீண்டும் விலகிய விகிதத்தில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூட்டு மீண்டும் விலகுவதை முதன்மையாக நிர்ணயித்தது, முதல் விலகலின்போது இருந்த வயதே.

கையை வயிற்றோடு சேர்த்துக் கட்டாமல், வெளிப்புறமாகத் திருப்பி வைத்துக் கட்டினால் பெயர்ந்த வளையம் எலும்போடு நெருங்கி ஆறுமா என்று ஜப்பானிய மருத்துவர் எய்ஜி இதோய் குழுவினர் ஆராய்ந்தனர். 2007ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வில், வயிற்றோடு சேர்த்துக் கட்டியவர்களுள் 42 விழுக்காட்டினருக்கும், வெளிப்புறமாகத் திருப்பிக் கட்டியவர்களுள் 26 விழுக்காட்டினருக்கும் மூட்டு மீண்டும் விலகியது. நம்பிக்கை அளித்த முடிவுதான். ஆனால் பின்னர் இஸ்ரேலிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகளில் அத்தகைய தெளிவான பயன் காணப்படவில்லை. மேலும் கையை வெளிப்புறமாக நீட்டி வைத்துக்கொண்டு நடமாடுவதும் உறங்குவதும் கடினம். ஆகையால் பெரும்பாலான மருத்துவமனைகளில் சாதாரணத் தூக்குப் பட்டையே வழக்கத்தில் உள்ளது. உங்கள் மருத்துவர் வேறு வகைப் பட்டையைப் பரிந்துரைத்திருந்தால் அதற்குரிய காரணத்தைத் தயங்காமல் கேட்டறியலாம்.

பொதுவாக இன்று 1 முதல் 3 வாரங்கள் வரை பட்டை அணியுமாறு கூறப்படுகிறது. வயது முதிர்ந்தவர்களுக்கு இக்காலம் இன்னும் குறைவாக, ஏறத்தாழ ஒரு வாரமாக இருக்கலாம். உங்களுக்குக் குறிக்கப்பட்ட நாளுக்கு முன்னரே வலி நின்றுவிட்டது என்பதற்காகப் பட்டையை வீசிவிட்டுப் பழைய வேலைகளுக்குத் திரும்ப வேண்டாம். அந்த நாள் கடந்த பின்னும் அச்சத்தால் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

பட்டையை அணியும் முறை

மருந்துக் கடைகளில் ஆர்ம் ஸ்லிங், ஆர்ம் பவுச் என்ற பெயர்களில் கிடைக்கும் பட்டைகள் பல அளவுகளில் உள்ளன. முழங்கை முதல் விரல்களின் அடிப்பகுதி வரை பட்டை தாங்க வேண்டும். சிறிய பட்டையில் மணிக்கட்டு வெளியே தொங்கினால், கை வீங்குவதுடன் மணிக்கட்டும் வலிக்கும்.

முழங்கை பட்டையின் மூலையில் நன்றாகப் பொருந்தி, ஏறத்தாழச் செங்கோணமாக மடங்கியிருக்க வேண்டும். விரல்கள் முழங்கையைவிடச் சற்று உயரமாக இருப்பது நல்லது. அப்போது வீக்கம் விரல்களில் இறங்காது. தோள் காதை நோக்கி உயர்ந்திருந்தால் பட்டை மிக இறுக்கமாக உள்ளது என்றும், தோள் ஒரு பக்கமாகத் தாழ்ந்திருந்தால் மிகத் தளர்வாக உள்ளது என்றும் அறியலாம். வார் கழுத்தை அறுத்தால் அதன் அடியில் மடித்த பருத்தித் துணியை வைக்கலாம்.

மோதிரம், வளையல் ஆகியவற்றை முதல் நாளே கழற்றிவிடுங்கள். விரல்கள் வீங்கிய பின் அவற்றைக் கழற்றுவது அரிது.

வீட்டில் அன்றாடம்

உறக்கம்: மருத்துவர் வேறுவிதமாகக் கூறாதவரை பட்டை அணியும் காலத்தில் இரவிலும் அதனை அணிந்தே உறங்குங்கள். முதல் சில நாள்கள் தட்டையாகப் படுப்பதைவிட, முதுகுக்கு இரண்டு மூன்று தலையணைகளை அணைத்துச் சாய்ந்து உறங்குவது இதமாக இருக்கும். முழங்கை பின்னோக்கிச் சரியாதபடி அதன் அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். அடிபட்ட பக்கமாகப் படுக்க வேண்டாம்.

குளியல்: பட்டையைக் கழற்றிவிட்டு முக்காலியில் அமர்ந்து குளிக்கலாம். கையை உடலோடு ஒட்டித் தொங்கவிடுங்கள். அக்குளைக் கழுவ வேண்டுமானால் கையை உயர்த்த வேண்டியதில்லை. உடலைச் சற்று முன்னோக்கிக் குனிந்தால் கை தானாகவே உடலைவிட்டு விலகித் தொங்கும். அந்த இடைவெளியில் மற்றொரு கையால் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். நமது வெப்பநிலையில் அக்குள் வியர்வையால் புண்ணாவது பட்டை அணிவோருக்கு அடிக்கடி நேரும் தொல்லை. நாள்தோறும் கழுவி உலர வைத்தால் அதனைத் தவிர்க்கலாம்.

உடை: முன்புறம் திறக்கும் சட்டை, ரவிக்கை, தளர்வான மேலாடை ஆகியவை ஏற்றவை. அணியும்போது அடிபட்ட கையை முதலில் நுழையுங்கள். களையும்போது அக்கையைக் கடைசியாக எடுங்கள். தலைவழியாக மாட்டும் பனியனைச் சில வாரங்கள் தவிர்க்கலாம். பின்புறக் கொக்கிகளை மாட்டக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுசெல்ல வேண்டாம். வீட்டில் ஒருவர் உதவட்டும்.

உணவு: வலக்கை பட்டையில் இருப்பவர்கள் இடக்கையால் உண்ணக் கூச்சப்பட்டு, பட்டையிலிருந்து கையை எடுத்து வாய்வரை உயர்த்த முயல்கின்றனர். முதல் நாள்களில் இடக்கையால் கரண்டி கொண்டு உண்பதோ, பிறர் ஊட்டுவதோ தவறன்று. மேல்கையை உடலோடு ஒட்டி வைத்து முழங்கையை மட்டும் மடித்து உண்ண இயலும் நிலை விரைவில் வந்துவிடும்.

வலி: முதல் இரண்டு மூன்று நாள்களில், துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடம் வரை தோளின்மேல் வைக்கலாம். பனிக்கட்டி தோலில் நேரடியாகப் படக்கூடாது. எழுதிக் கொடுத்த வலி மாத்திரைகளைக் குறித்த அளவில் மட்டும் உட்கொள்ளுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்களும் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

எண்ணெய் தேய்த்து உருவிவிடுதலும் சுளுக்கு எடுத்தலும் நம் வீடுகளில் அன்போடு செய்யப்படுபவை. ஆயினும் புதிதாகக் கிழிந்த உறையின்மேல் அழுத்துவதும் கையை இழுத்துத் திருப்புவதும் காயத்தைப் பெரிதாக்கும். மூட்டை மறுபடி விலக்கவும் கூடும். பெரியவர்கள் வற்புறுத்தினால் இக்கட்டுரையை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பும்போது அடிபட்ட கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்காதீர்கள். மறுபக்கத்தில் நின்று, முதுகையும் இடுப்பையும் தாங்கி எழுப்புங்கள்.

பட்டைக்குள் இருக்கும்போதே தொடங்கும் பயிற்சி

தோளுக்கு ஓய்வு தேவைப்படும் நாள்களில் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் ஓய்வு தேவையில்லை. அவற்றை அசைக்காமல் விட்டால் அவையும் இறுகிவிடும். முதல் நாள் முதலே, நாளொன்றுக்கு நான்கைந்து முறை, ஒவ்வொன்றையும் பத்துத் தடவை செய்யுங்கள்:

விரல்களை இறுக மூடித் திறத்தல். மணிக்கட்டை மேலும் கீழும் மடக்குதல். பட்டையைக் கழற்றி, மேல்கையை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு முழங்கையை முழுதாக நீட்டி மடக்குதல். முழங்கையை மடக்கிய நிலையில் உள்ளங்கையை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் திருப்புதல். முதுகை நிமிர்த்தி அமர்ந்து இரு தோள்பட்டை எலும்புகளையும் மெல்லப் பின்னோக்கி நெருக்குதல்.

மருத்துவர் அனுமதித்த பின் ஊசல் பயிற்சியைத் தொடங்கலாம். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து நின்று, அடிபட்ட கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, கடிகார ஊசல்போல் முன்னும் பின்னும் சிறிதாக ஆட்ட வேண்டும். உடலின் அசைவே கையை ஆட்ட வேண்டும், தோள்தசைகளை முறுக்கக்கூடாது.

பட்டையைக் கழற்றிய பின்னரே சிகிச்சையின் பெரும்பகுதி தொடங்குகிறது. இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் முதலில் அசைவின் அளவை மீட்டெடுப்பதும், அதன்பின் ரொட்டேட்டர் கஃப் தசைகளையும் தோள்பட்டையைச் சுற்றியுள்ள தசைகளையும் மீள்பட்டையின் துணையுடன் வலுவூட்டுவதும் வழக்கம். கிழிந்த உறையை நம் விருப்பப்படி ஒட்ட வைக்க இயலாது. ஆனால் பந்தைக் குழியில் அழுத்திப் பிடிக்கும் தசைகளை நம் முயற்சியால் வலுவாக்க இயலும். வலி நீங்கியதும் பலர் பயிற்சியைக் கைவிட்டுவிடுகின்றனர். வலியின்மையும் வலிமையும் ஒன்றல்ல. ஏறத்தாழ மூன்று மாதங்கள் வரையேனும் பயிற்சியைத் தொடர வேண்டும்.

தவிர்க்க வேண்டிய ஒரு நிலை

எத்தனையோ தடைகளை நினைவில் வைத்திருப்பதைவிட ஒரே ஒரு நிலையை நினைவில் வைத்தால் போதும்: பந்து எறிய ஓங்கிய கையின் நிலை. கை பக்கவாட்டில் உயர்ந்து, உள்ளங்கை முன்னோக்கி, முன்கை பின்னால் சாய்ந்திருக்கும் அந்த நிலையில்தான் தோள் மிக எளிதில் முன்புறமாக விலகுகிறது. முதல் ஆறு வாரங்கள் அந்நிலையை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

அன்றாட வாழ்வில் இந்நிலை பல உருவங்களில் வரும். பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பது, உயரக் கொடியில் துணி காயப்போடுவது, பரணிலிருந்து பாத்திரம் இறக்குவது, இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு படுப்பது, காரின் முன்னிருக்கையில் அமர்ந்தபடி பின்னிருக்கைப் பையை எட்டி எடுப்பது ஆகியவை எல்லாம் அதே நிலையே. இவற்றுள் தலைக்கடியில் கையை வைத்துப் படுப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பட்டை அணிந்திருக்கும்போது இருசக்கர வாகனமோ காரோ ஓட்டக்கூடாது. பின்னிருக்கையில் அமர்ந்து செல்வதும் உகந்ததன்று. திடீரெனத் தடையிட்டால் ஒரு கையால் பிடித்து நிலைகொள்ள இயலாது. பட்டையைக் கழற்றிய பின்னரும், வண்டியை முழுக் கட்டுப்பாட்டுடன் வலியின்றிச் செலுத்த முடியும் என்று மருத்துவர் கருதும்வரை காத்திருங்கள். மேசைப் பணிக்குச் சில நாள்களிலோ ஓரிரு வாரங்களிலோ திரும்பலாம். சுமை தூக்குதல், கட்டடப் பணி, கிணற்றில் நீர் இறைத்தல் போன்றவற்றிற்குப் பல வாரங்கள் ஆகும். கபடி, மல்யுத்தம், கைப்பந்து, வேகப்பந்து வீச்சு போன்றவற்றிற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின், தசைவலிமையைச் சோதித்த பிறகே அனுமதி வழங்கப்படும்.

ஒரே பட்டை, இருவேறு அபாயங்கள்

ஒரே நாளில் 19 வயதுக் கல்லூரி மாணவரும் 65 வயது மூதாட்டியும் ஒரே வகைப் பட்டையுடன் வீடு திரும்பலாம். ஆனால் அவ்விருவரும் அஞ்ச வேண்டியவை வெவ்வேறு.

இளைஞரின் அபாயம், மூட்டு மீண்டும் விலகுவது. எடின்பரோ நகரில் 15 முதல் 35 வயது வரையிலான 252 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில், தூக்குப் பட்டையும் இயன்முறைப் பயிற்சியும் பெற்றவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, அதாவது ஏறத்தாழ 56 விழுக்காட்டினருக்கு, இரண்டு ஆண்டுகளுக்குள் தோளின் நிலைத்தன்மை மீண்டும் குலைந்தது. ஐந்தாம் ஆண்டில் அது ஏறத்தாழ 67 விழுக்காடாக உயர்ந்தது. வயது குறையக் குறைய அபாயம் மிகுந்தது. ஆண்களுக்கு அது இன்னும் கூடுதலாக இருந்தது. ஒவ்வொரு முறை விலகும்போதும் குழியின் ஓரமும் பந்தும் மேலும் தேயக்கூடும் என்பதால் இதனைச் சிறிதாகக் கருத இயலாது.

எனவே 25 வயதுக்கு உட்பட்டவர்களும், குறிப்பாக மோதல் மிகுந்த விளையாட்டுகளில் ஈடுபடுவோரும், முதல் விலகலுக்குப் பின்னரே அறுவைச் சிகிச்சை பற்றி எலும்பு மூட்டு மருத்துவரிடம் கலந்து பேசுவது நலம். பெயர்ந்த வளையத்தை நுண்துளை வழியாக எலும்போடு சேர்த்துத் தைக்கும் சிகிச்சை, சுறுசுறுப்பான இளைஞர்களிடம் மறுவிலகலை வெகுவாகக் குறைப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கு எதிர்ப்புறமும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குரிய இடர்கள், செலவு, மாதக்கணக்கில் நீளும் மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும் அறுவைச் சிகிச்சையே இன்றி வாழ்நாள் முழுதும் இரண்டாம் முறை விலகாத இளைஞர்களும் பலர் உள்ளனர். மேற்குறிப்பிட்ட சுவீடன் ஆய்வே இதற்குச் சான்று. ஆகவே முடிவு ஒருவரது வாழ்க்கையைப் பொறுத்தது. காவலர் உடற்தகுதித் தேர்வில் கயிறு ஏற வேண்டியவரின் தேவையும் கணினிமுன் பணியாற்றுபவரின் தேவையும் ஒன்றல்ல. தேர்வோ போட்டியோ நெருங்கி வருமானால் அதன் நாளை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே கூறுங்கள். மறைத்துவிட்டுக் களத்தில் இறங்குவது, ஒரு வாய்ப்பைக் காக்க முயன்று பல வாய்ப்புகளை இழப்பதில் முடியக்கூடும்.

40 வயதைக் கடந்தவர்களுக்கு மூட்டு மீண்டும் விலகும் வாய்ப்பு குறைவு. அவர்களுக்குரிய அபாயங்கள் இரண்டு. முதலாவது, தோள் இறுகிப்போதல். பயந்து இரண்டு மாதம் பட்டையைக் கழற்றாத முதியவருக்கு மூட்டு உறுதியாக இருக்கும். ஆனால் தலைவாரக் கை எழாது. இரண்டாவது, ரொட்டேட்டர் கஃப் தசைநாண் கிழிதல். வயது ஏற ஏறத் தசைநாண்கள் நலிவதால், மூட்டு விலகும்போது அவையும் சேர்ந்து கிழிவது முதியவர்களிடம் மிகுதி. வலி தணிந்து இரண்டு மூன்று வாரங்கள் ஆகியும் கையைத் தானாகத் தூக்க முடியவில்லை என்றால், ‘அடிபட்ட கை அப்படித்தான் இருக்கும்’ என்று காத்திருக்காதீர்கள். அல்ட்ராசவுண்டு அல்லது எம்ஆர்ஐ ஸ்கேன் மூலம் இதனைக் கண்டறியலாம். தாமதமின்றிக் கண்டறிந்தால் சிகிச்சையின் பயன் அதிகம்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

விரல்கள் குளிர்ந்து வெளிறினாலோ நீலம் பூத்தாலோ, அக்குளில் வீக்கம் பெருகிக்கொண்டே வந்தாலோ, உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். இரத்தக் குழாயில் காயம் இருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். கையிலோ விரல்களிலோ மரத்துப்போன உணர்வோ வலுவின்மையோ புதிதாகத் தோன்றினாலும், மாத்திரைக்கு அடங்காமல் வலி கூடிக்கொண்டே போனாலும், தோளின் உருண்டை வடிவம் மாறித் தட்டையாகத் தெரிந்தாலும் அவ்வாறே வர வேண்டும்.

தோளின் வெளிப்புறத்தில், சட்டைக்கையின் மேற்பகுதி படும் இடத்தில், தொடுவுணர்வு குறைந்திருப்பதைச் சிலர் முதல் நாளிலேயே உணர்வர். மூட்டு விலகும்போது அக்குள் நரம்பு இழுபடுவதே இதற்குக் காரணம். பெரும்பாலோருக்கு இது சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே சீராகிவிடுகிறது. எனினும் மருத்துவரிடம் தெரிவித்துக் குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள்.

மூட்டு மீண்டும் விலகிவிட்டால், அருகிலிருப்பவர்கள் இழுத்துப் பொருத்த முயலக்கூடாது. எலும்பு முறிந்துள்ளதா என்பதை எக்ஸ்ரே இன்றி அறிய இயலாது. முறிந்த எலும்பை இழுத்தால் நரம்பும் இரத்தக் குழாயும் சேதமுறும். கை எந்த நிலையில் வலி குறைவாக உள்ளதோ அந்த நிலையிலேயே துண்டினாலோ துப்பட்டாவினாலோ தாங்கிக் கட்டி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மூட்டைப் பொருத்த மயக்க மருந்து தேவைப்படக்கூடும் என்பதால் வழியில் உணவோ பானமோ கொடுக்க வேண்டாம்.

அடுத்த சந்திப்புக்கு முன் குறித்துக்கொள்ள வேண்டியவை

என் மூட்டு எந்தப் பக்கமாக விலகியது? எலும்பு முறிவோ நரம்புக் காயமோ உண்டா? பட்டையை எந்தத் தேதியில் கழற்ற வேண்டும்? ஊசல் பயிற்சியை எப்போது தொடங்கலாம்? என் வயதுக்கும் தொழிலுக்கும் மீண்டும் விலகும் வாய்ப்பு எவ்வளவு? எனக்கு மேலும் ஸ்கேன் தேவையா? வலிப்பு நோய் காரணமாக மூட்டு விலகியிருந்தால், வலிப்புக்கான மருந்தில் மாற்றம் தேவையா?

இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். விடைகளையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டையைக் கழற்றும் தேதியை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அதற்கு மறுநாள் முதல் செய்ய வேண்டிய பயிற்சிகளையும் அதனருகிலேயே எழுதி வையுங்கள். தோளைக் காக்கும் பொறுப்பு அன்றுமுதல் பட்டையிடமிருந்து தசைகளுக்கு மாறுகிறது.